மோட்டாருக்கு வழி காட்டுவது எது? கைப்பேசியா, தனிக் கருவியா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு பார்ப்பதற்குச் சிறியது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு வழி காட்டக் கைப்பேசி ஒன்றே போதுமா? அல்லது அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஜி.பி.எஸ். கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடைக்காரரைக் கேட்டால் ஒரு பதில். கூட்டாளிகளைக் கேட்டால் வேறொரு பதில். இது வெறும் சாமான் வாங்கும் விஷயம்தானே, இதற்கு ஒரு கலந்துரையாடலா என்று சிலர் நினைக்கலாம்.

ஒரு புள்ளிவிவரம் போதும். 2019-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும்தான். மோட்டாரில் போகிறவரின் கண் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது, விழுந்தால் யாரை அழைக்க முடியும் என்பதெல்லாம் இந்தச் சின்னக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

ஒரு மாலை நேரப் பயணம்

செரண்டாவில் குடியிருந்து பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் கப்சாய் மோட்டாரில் கிளம்புகிறார். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முதல் நாள் சடங்கு. ரவாங் வந்து, அங்கிருந்து பெஸ்தாரி ஜெயா சாலையில் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். கைப்பேசியைக் கைப்பிடியில் மாட்டி, வேஸ் செயலியைத் திறந்துவிட்டார்.

ரவாங் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. திரையில் விழுந்த துளிகளை விரல் என்று நினைத்து, வரைபடம் தானாகவே பெரிதாகிச் சிறிதாகி விளையாடியது. செம்பனைக் காட்டுக்குள் நுழைந்ததும் இணையம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் தீர்ந்தது. இருட்டில், சேற்றுப் பாதையில், மூன்று சிம்பாங் சந்திக்கும் இடத்தில் அவர் நிற்கிறார். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்கிறார்.

“ஐயா, கோயில் இருக்கிற லயத்துக்கு எப்படிப் போறது?”

“தம்பி, தப்பா வந்துட்டியே. பழைய ஆபீஸ் தாண்டி வாய்க்கால் பாலம் வரும். அதுல ஏறி வலது பக்கம் திரும்பிப் போ.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சேற்றுப் பாதையில் மோட்டார் வழுக்கி, கால் முறிந்து கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உதவிக்கு அழைக்க வேண்டிய கைப்பேசி, வழி காட்டியே செத்துப் போயிருந்தது. இன்றைய தலைப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

வானத்திலிருந்து வரும் வழி

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கீழே இருக்கும் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. இந்தக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். இதற்குக் கட்டணம் இல்லை, சிம் அட்டையும் வேண்டாம். வானொலி கேட்பது போல, கருவி கேட்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவத்துக்காக உருவான இந்த அமைப்பில், பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை இடம் மாறிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் சாலையில் வழி காட்டும் கருவிகள் சாதாரண மக்களுக்கும் பயன்படும் அளவுக்குத் துல்லியம் பெற்றன.

அப்படியானால் இணையம் எதற்கு? மூன்று காரியங்களுக்கு. வரைபடத்தை இறக்குவதற்கு, போக்குவரத்து நெரிசலை அறிவதற்கு, செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற தகவலை விரைவாகப் பெறுவதற்கு. மூன்றாவது தகவல் வானத்திலிருந்தும் கிடைக்கும். ஆனால் மிக மெதுவாக வரும். அதனால்தான் இணையம் இல்லாத இடத்தில் கைப்பேசியைப் புதிதாகத் திறந்தால், இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுக்கிறது. அதைப் பார்த்து ‘ஜி.பி.எஸ். இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தனிக் கருவியின் பெருமை

மோட்டாருக்கென்றே வந்த கருவிகளில் பெயர் பெற்றது கார்மின் நிறுவனத்தின் ஜூமோ வரிசை. 2006-ல் வந்த ஜூமோ 550 மழையைத் தாங்கியது; கையுறை போட்ட விரலுக்கும் கட்டுப்பட்டது. 2020-ல் வந்த ஜூமோ எக்ஸ்டி 5.5 அங்குலத் திரை கொண்டது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாத தரச்சான்று பெற்றது. நடுப்பகல் வெயிலிலும் திரை தெளிவாகத் தெரியும். மோட்டாரின் அதிர்வைத் தாங்கும்படி கட்டப்பட்டது. வரைபடம் முழுவதும் கருவிக்குள்ளேயே இருப்பதால் இணையம் போனாலும் கவலை இல்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் இதைச் சுற்றி ஓர் அழகான கூட்டு முயற்சியே நடந்தது. மால்சிங் மேப்ஸ் என்ற பெயரில் மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் ஒன்றுகூடினார்கள். தாங்கள் போய்வந்த சாலைகளைக் கருவியில் பதிவு செய்து, ஒன்றாகச் சேர்த்து, கார்மின் கருவிகளில் போட்டுக்கொள்ளும்படி இலவச வரைபடம் வெளியிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சந்து பொந்துகளும் அதில் இடம்பெற்றன. வரைபடம் வானத்திலிருந்து வருவதில்லை. மனிதர்கள் போட்டால்தான் வரும் என்பதை அவர்கள் அன்றே காட்டினார்கள்.

குறை என்ன? முதலில் விலை. ஜூமோ எக்ஸ்டி வந்தபோது அமெரிக்காவிலேயே ஏறக்குறைய 500 டாலர். ரிங்கிட்டில் கணக்குப் போட்டால், பழைய கப்சாய் மோட்டார் ஒன்றின் விலையே அதில் வந்துவிடும். இரண்டாவது, வரைபடத்தின் வயது. தனிக் கருவியில் இருப்பது கடைசியாகப் புதுப்பித்த நாளின் சாலை. இன்று காலை நடந்தது அதற்குத் தானாகத் தெரியாது.

இதற்கு எடுத்துக்காட்டு செரண்டாவுக்கு அருகிலேயே இருக்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி அருகே மலைச்சரிவு ஏற்பட்டு 31 பேர் மாண்டார்கள். கெந்திங் மலைக்குப் போகும் அந்தச் சாலை மூடப்பட்டது. புதுப்பிக்காத கருவியைக் கேட்டால், அந்தச் சாலை திறந்தே இருக்கிறது என்றுதான் அது சொல்லியிருக்கும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் போகிறவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

கைப்பேசியின் பலமும் பலவீனமும்

கைப்பேசியின் பலம் அதுதான்: இன்றைய செய்தி. கூகள் நிறுவனம் 2009-ல் கைப்பேசியில் இலவசமாகத் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியைத் தொடங்கியது. 2013-ல் வேஸ் செயலியையும் அதே நிறுவனம் வாங்கிக்கொண்டது. விபத்து, வெள்ளம், சாலைத் தடுப்பு ஆகியவற்றை முன்னால் போனவர்கள் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

2017 டிசம்பரில் இந்தியாவில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனி வழித்தட வசதியைக் கூகள் அறிமுகப்படுத்தியது. பிறகு மலேசியாவுக்கும் வந்தது. இதைப் பலர் தேர்ந்தெடுப்பதே இல்லை. காருக்கான வழியிலேயே மோட்டாரை ஓட்டுகிறார்கள். கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கப்பாதையில் மோட்டாருக்கு அனுமதி கிடையாது. காருக்கான வழியை நம்பிப் போனால் அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். செயலியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வண்டி எது என்ற அமைப்பைத்தான்.

இனி பலவீனங்கள். முதலாவது வெயில். ஐபோன் போன்றவை 35 பாகை வரையிலான வெப்பச் சூழலில் பயன்படுத்தத்தான் வடிவமைக்கப்பட்டவை. நம் ஊர் நடுப்பகல் அதை நெருங்கிவிடும். நேரடி வெயிலில் கறுப்புத் திரை அதையும் தாண்டிவிடும். சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். வயர் செருகியிருக்கிறதே என்று நம்பிப் போகிறவருக்கு, பேட்டரி இறங்கிக்கொண்டே இருப்பது தெரியாது.

இரண்டாவது அதிர்வு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு நேரடியாகக் கைப்பேசிக்குப் போனால், கேமராவில் படத்தை ஆடாமல் வைத்திருக்கும் நுண்ணிய பகுதி நாளடைவில் கெடலாம் என்பதே அது. சிறிய மோட்டார்களில் அதிர்வு குறைவுதான். ஆனால் அவற்றுக்கும் அதிர்வைக் குறைக்கும் தாங்கியைப் பயன்படுத்தச் சொன்னது. தோட்டத்துக் கல்லுச் சாலையில் தினமும் போகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட் கைப்பேசியைப் பத்து ரிங்கிட் தாங்கியில் மாட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

மூன்றாவது மழை. அதைச் செரண்டா இளைஞரின் கதையில் பார்த்தோம்.

இரண்டுக்குமே தெரியாதவை

கைப்பேசியும் தனிக் கருவியும் சேர்ந்தே தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது தோட்டம்.

அடர்ந்த செம்பனை மட்டைகள், அதுவும் மழையில் நனைந்தவை, செயற்கைக்கோள் அலையை மட்டுப்படுத்தும். தோட்டத்துப் பாதைகளோ கட்டம் கட்டமாக, ஒன்றுபோலவே ஓடும். கருவி ஒரு பாதை தள்ளிக் காட்டினால் போதும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவோம். அடுத்த பாலம் எவ்வளவு தூரமோ! அதோடு, தோட்டத்துப் பாதை தனியார் பாதை. குறுக்கு வழி என்று கருவி காட்டும். இரவில் கேட் பூட்டியிருக்கும்.

பெயர்களும் ஒரு சிக்கல்தான். 2007-ல் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஆனால் பெரியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். “ஏழாங்கட்டையில இறங்கி உள்ளே வா” என்று தாத்தா சொல்லுவார். மைல் கல்லைக் கட்டை என்று சொல்லி வளர்ந்த தலைமுறை அது. கைப்பேசியில் ஏழாங்கட்டை என்று தட்டினால் ஒன்றும் வராது.

அந்தப் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய இடம் அது. ‘டென்னமரம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தமிழ்ப் பெயர் என்று தோன்றும்? செம்பனைக்குப் பெயர் பெற்ற தோட்டத்தின் பெயரில் தென்னை நிற்கிறது. தோட்டங்கள் தாமான்களாக மாறும்போது இத்தகைய பெயர்கள் முதலில் பேச்சிலிருந்து போகும். பிறகு வரைபடத்திலிருந்தும் போகும். 2004-ல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் கோயில், பள்ளி, பாலம் ஆகியவற்றின் பெயர்களைச் சேர்க்கலாம். உள்ளூர் இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் பெரியவர்களைக் கேட்டு இதைச் செய்தால், அடுத்து வழி தவறி வருகிறவருக்கு அது புண்ணியம்.

அதுவரை? தோட்டத்து வீட்டுக்குப் போவதானால், அந்த வீட்டுக்காரரையே தம் இருப்பிடக் குறியீட்டைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி, கிளம்பும் முன்பே வரைபடத்தில் சேமித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அப்படியானால் எதை வாங்குவது?

உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்குக் கைப்பேசியைத் தவிர வேறு வழி இல்லை. அவருடைய வேலையே அதற்குள்தான் வருகிறது. பெரிய மோட்டாரில் தாய்லாந்து வரை போகிறவர்கள், குழுவாகப் போய்வரும் சங்கத்தினர் ஆகியோருக்குத் தனிக் கருவி வீண் செலவல்ல. மணிக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உழைக்க அது பிறந்திருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு பிரிவிலும் சேராத பெரும்பான்மை ஒன்று இருக்கிறது. தினமும் செரண்டாவிலிருந்து ரவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய், மாதத்தில் இரண்டொரு முறை தெரியாத ஊருக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய கைப்பேசி!

புதியது வாங்கியதும் ஒதுக்கி வைத்த அந்தக் கைப்பேசியில் ஜி.பி.எஸ். இன்னும் வேலை செய்யும். சிம் தேவையில்லை. வீட்டு இணையத்தில் சிலாங்கூர் மாநில வரைபடத்தை இறக்கி வைத்தால் போதும். கூகள் மேப்ஸில் அந்த வசதி உண்டு. ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் இணையமே இல்லாமல் ஓடுவதற்கென்று உருவானவை. நெரிசல் தகவல் வேண்டுமானால், சட்டைப் பையில் இருக்கும் புதிய கைப்பேசியிலிருந்து கொஞ்ச நேரம் இணையம் பகிர்ந்துகொள்ளலாம். வெயிலும் மழையும் அதிர்வும் பழையதற்கு. புதியது பைக்குள், நனையாமல், பேட்டரி நிறைய, அவசரத்துக்குத் தயாராக இருக்கும். செலவு? நல்ல தாங்கி ஒன்று, மழை உறை ஒன்று.

இதிலும் கவனம் வேண்டும். பழைய கைப்பேசியின் பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடவே கூடாது. வெயிலில் வைத்தால் ஆபத்து. மழை உறை காற்றுப் புகாமல் மூடியிருப்பதால், வெயில் வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள், இணையத்தை அணைத்துவிட்டு, செரண்டாவிலிருந்து ரவாங் வரையாவது ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது அல்லவா?

கண் சாலையில் இருக்கட்டும்

எந்தக் கருவியானாலும் ஒரு விதி மாறாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. திரையை மூன்று நொடி பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 50 மீட்டரில் ஒரு குழி இருக்கலாம், ஒரு லோரி நிற்கலாம், ஒரு குழந்தை ஓடி வரலாம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது நம் நாட்டில் சட்டப்படியும் குற்றம்.

ஆகவே போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். வழியைக் காதால் கேட்கப் பழக வேண்டும். அதுவும் ஹாரன் சத்தம் கேட்கும் அளவுக்குக் குறைந்த ஒலியில். வழி தப்பிவிட்டதா? ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பார்க்கலாம். கல்யாண வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நேயர்களே, கைப்பேசியா தனிக் கருவியா என்று கேட்டுத் தொடங்கினோம். விலையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. வழி காட்டும் வேலையையும், ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் வேலையையும் ஒரே கைப்பேசியின் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் இந்த உரையின் சாரம். இரண்டாவது கருவி விலை உயர்ந்த ஜூமோவாகவும் இருக்கலாம், இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியாகவும் இருக்கலாம். ஆனால் பைக்குள் ஒரு கைப்பேசி உயிரோடு இருக்க வேண்டும். 999 என்ற மூன்று எண்களை அழுத்தும் சக்தி அதில் மிச்சம் இருக்க வேண்டும்.

பிள்ளை மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, “பார்த்துப் போப்பா” என்று வாசல் வரை வந்து சொல்கிறார்கள் தாய்மார்கள். இனி அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “பைக்குள்ள இருக்கிற போன்ல சார்ஜ் இருக்கா?”